பத்து நாள் நோட்டும் ஒரு பழைய ஆபீஸ் பெட்டியும்

2025 மார்ச் கடைசி. ஒன்பதாம் வகுப்பு முழு ஆண்டுத் தேர்வுக்கான கணக்கு வினாத்தாளை வீட்டுக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து டைப் அடித்துக்கொண்டிருந்தேன். இருபத்தெட்டாவது கேள்வியில் திரை அப்படியே நின்றுவிட்டது. பெட்டிக்குள்ளிருந்து பல்லி சொல்வதுபோல டிக் டிக்கென்று ஒரு சத்தம். அணைத்துப் போட்டால் ஒரு நேரம் வரும், ஒரு நேரம் வராது. அன்று இரவு பதினொரு மணிக்கு வினாத்தாளைக் கையால் எழுதி முடித்துவிட்டுப் படுத்தேன்.

2013ல் கும்பகோணத்திலேயே அசெம்பிள் செய்து வாங்கிய கம்ப்யூட்டர் அது. ஐ3 3220 பிராசஸர், 4 ஜிபி ரேம், 500 ஜிபி ஹார்டு டிஸ்க், பதினெட்டரை அங்குலத் திரை. பன்னிரண்டு வருடம் உழைத்த பொருளைக் குறை சொல்ல மனம் வரவில்லை. எங்கள் வீட்டில் அதை நான்கு பேர் பயன்படுத்தினோம். தனியார் பள்ளியில் கணக்கு டீச்சரான நான், லாரி புக்கிங் ஆபீஸ் கணக்கை வீட்டுக்குக் கொண்டு வரும் என் கணவர், பி.காம். முதலாம் ஆண்டு படிக்கும் மகன், அஞ்சல் துறையில் இருந்து ஓய்வு பெற்ற என் மாமனார். மாமா எங்கள் குலதெய்வக் கோயிலின் வரலாற்றை நாலைந்து வருடமாகக் கொஞ்சம் கொஞ்சமாக டைப் அடித்து வருகிறார்.

மறுநாள் காலையில் எங்கள் தெருமுனையில் சர்வீஸ் கடை வைத்திருக்கும் தம்பியை அழைத்து வந்தோம். அவர் பெட்டியைத் திறக்கும் முன் கேட்ட முதல் கேள்வியை எல்லோருக்கும் சொல்ல வேண்டும். "டீச்சர், உள்ளே இருக்கிறது எல்லாம் வேற எங்கயாவது காப்பி இருக்கா?"

இல்லை. பதினொரு வருட வினாத்தாள்கள், மகனின் காதுகுத்துப் படங்கள், மாமாவின் நூற்றுப் பத்துப் பக்கம், எல்லாம் அந்த ஒரே டிஸ்க்கில்தான். "அப்ப இனிமே இதை ஆன் பண்ணாதீங்க" என்று சொல்லி டிஸ்க்கைக் கழற்றினார். யூஎஸ்பி கேபிள் வழியாகத் தன் லேப்டாப்பில் மாட்டி, கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் காட்டினார். மஞ்சள் நிறத்தில் எச்சரிக்கை. தகவல் பதியும் சின்னச் சின்னப் பகுதிகளான செக்டார்களில் கெட்டுப்போனவற்றுக்குப் பதில் மாற்று இடம் ஒதுக்கி ஒதுக்கி டிஸ்க் நாளை ஓட்டிக்கொண்டிருந்தது. முதலில் மாமாவின் ஃபோல்டர், அடுத்து வினாத்தாள்கள், அப்புறம் படங்கள் என்று முக்கியத்துவ வரிசையில் காப்பி எடுத்தோம். மூன்று நாள் ஆனது. படங்களில் இருபது முப்பது திறக்கவில்லை, மற்றதெல்லாம் தப்பியது. டிஸ்க்கில் அப்படிச் சத்தம் கேட்டால், புதுக் கம்ப்யூட்டர் எது வாங்கலாம் என்ற பேச்சையே ஒதுக்கி வைத்துவிட்டு இதைத்தான் முதலில் செய்ய வேண்டும். ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் அது இன்னும் கொஞ்சம் கெடுகிறது.

அடுத்து, புதிதாக வாங்கித்தான் ஆக வேண்டுமா என்று கேட்டேன். தம்பி நேர்மையாகப் பதில் சொன்னார். டிஸ்க்கை மட்டும் மாற்றி, சுற்றும் தட்டு இல்லாத வேகமான வகையான எஸ்எஸ்டி 240 ஜிபியில் ஒன்றும் இன்னொரு 4 ஜிபி ரேமும் போட்டால் மூவாயிரம் ரூபாய்க்குள் முடியும், இப்போதைய வேகத்தைவிடப் பல மடங்கு நன்றாக ஓடும் என்றார். ஆனால் பவர் சப்ளையும் தளர்ந்திருந்தது, அடிக்கடி தானாக அணைந்தது. மதர்போர்டில் இரண்டு கெப்பாசிட்டர்கள் மேலே உப்பியிருந்தன. அதோடு விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்ட் தரும் இலவசப் பாதுகாப்பு அப்டேட் 2025 அக்டோபர் 14 அன்று நிற்கப்போகிறது என்பது அப்போதே தெரிந்த செய்தி. எங்கள் பிராசஸரில் விண்டோஸ் 11 முறைப்படி ஏறாது. நெட் பேங்கிங் பார்க்கிற கம்ப்யூட்டர் என்பதால் அதை லேசாக விட முடியவில்லை. போர்டும் பவர் சப்ளையும் நன்றாக இருந்திருந்தால் எஸ்எஸ்டி போட்டு, விண்டோஸுக்குப் பதில் இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ் மின்ட் ஏற்றி இன்னும் நாலு வருடம் ஓட்டியிருப்பேன். உங்கள் பெட்டி அந்த நிலையில் இருந்தால் தயவுசெய்து முதலில் அதைச் செய்து பாருங்கள்.

மாற்றுவது என்று முடிவானதும் வீட்டில் ஆளுக்கொரு பேச்சு. "ஐ7 வாங்கிடலாம், பத்து வருஷத்துக்குக் கவலை இல்லை" என்றார் கணவர். மகனுக்கு லேப்டாப் வேண்டும், அதிலும் கிராஃபிக்ஸ் கார்டோடு. மாமா மட்டும், "எனக்கு எழுத்து பெருசாத் தெரிஞ்சாப் போதும்மா" என்றார். எங்களிடம் இருந்த தொகை இருபத்தைந்தாயிரம்.

வகுப்பில் பிள்ளைகளிடம் கணக்கைத் தொடங்கும் முன் என்ன கொடுத்திருக்கிறார்கள், என்ன கேட்டிருக்கிறார்கள் என்று எழுதச் சொல்வேன். அதையே வீட்டிலும் செய்தேன். டிஸ்க்கில் இருந்ததைப் பத்திரப்படுத்திய பிறகு, தம்பி கடையில் சும்மா கிடந்த ஒரு பழைய ஹார்டு டிஸ்க்கை இரவல் வாங்கிப் போட்டுப் பெட்டியை ஓட்டிக்கொண்டிருந்தோம். அதன் பக்கத்தில் நாற்பது பக்க நோட்டு ஒன்றைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டேன். யார் உட்கார்ந்தாலும் என்ன வேலை செய்தார்கள், எதற்காக எவ்வளவு நேரம் காத்திருந்தார்கள் என்று பக்கத்தை இரண்டாகப் பிரித்த பத்திகளில் எழுத வேண்டும். பத்து நாள்.

அந்த நோட்டு சொன்னது வீட்டில் யாரும் சொல்லாத விஷயம். மொத்தம் நாற்பத்தொரு பதிவுகள். அதில் இருபத்தாறு வெறும் பிரவுசர் வேலை. வங்கி, மின்கட்டணம், ஆன்லைனில் மார்க் ஏற்றுவது, யூடியூப் பாடம், ரயில் டிக்கெட். ஒன்பது வேர்டு, எக்செல். மகனின் டேலி மூன்று. மிச்சம் பிரிண்ட் எடுப்பதும் படம் பார்ப்பதும். கிராஃபிக்ஸ் கார்டு கேட்கிற வேலை ஒன்றுகூட இல்லை. தன் கையெழுத்திலேயே அதைப் பார்த்ததால் மகன் அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

காத்திருந்த பத்திதான் முக்கியம். ஆன் ஆகி நிதானத்துக்கு வர நான்கு நிமிடம். பிரவுசர் திறக்க முக்கால் நிமிடம். ஆறாவது டேப் திறந்தால் முதல் டேப் மறுபடி லோடாகும். இப்படிக் காத்திருக்கும்போது, எந்தப் பாகம் எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்டும் டாஸ்க் மேனேஜரைத் திறந்து பார்க்கச் சொன்னார் சர்வீஸ் தம்பி. பார்த்தால் டிஸ்க் 100 சதவீதம், மெமரி (அதாவது ரேம்) 90க்கு மேல், பிராசஸர் மட்டும் 20, 30ல் சும்மா இருந்தது. அந்தப் பன்னிரண்டு வருடப் பழைய ஐ3கூட எங்கள் வேலைக்குத் திணறவில்லை. எங்களைக் காக்க வைத்தது ஹார்டு டிஸ்க்கும் பற்றாத ரேமும். டிஸ்க்கில் சுற்றுகிற தட்டின் மேல் ஒரு முனை இங்கும் அங்கும் ஓடிப்போய்ச் சின்னச் சின்ன ஃபைல்களைத் தேட வேண்டியிருக்கிறது. எஸ்எஸ்டியில் அந்த ஓட்டமே கிடையாது. வீட்டுக் கம்ப்யூட்டரில் நாம் உணர்கிற வேகத்தில் பெரும்பகுதி இந்த ஒரு மாற்றத்தில்தான் இருக்கிறது. ஐ3யா ஐ5ஆ என்று எல்லோரும் கேட்கிற கேள்வி எங்கள் பணத்தை எங்கே போட வேண்டும் என்பதைச் சொல்லவே இல்லை.

மாமாவின் பதிவுகள் தனி ரகம். அவர் காத்திருப்புப் பத்தியில் நேரம் எழுதவில்லை. "கழுத்து வலி", "எழுத்து மங்கல்", "கழுத்து வலி" என்று எழுதியிருந்தார். கண்புரை ஆபரேஷன் ஆனவர். எத்தனை வருடமாக இப்படிக் குனிந்து அடித்தார் என்று யாரும் அவரைக் கேட்டதில்லை. அதைப் படித்த அன்றே, பிராசஸருக்கு என்ன ஆனாலும் சரி, நல்ல திரைக்கு ஏழாயிரம் ஒதுக்கிவிட வேண்டும் என்று முடிவு செய்தேன்.

இதற்கு நடுவில் ஒரு தவறு நடந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். நோட்டு முடியும் முன்பே கணவர் போனில் ஒரு விளம்பரத்தைப் பார்த்து ஆர்டர் செய்துவிட்டார். ஐ7, 16 ஜிபி ரேம், 1 டிபி டிஸ்க், திரையோடு சேர்த்துப் பதினாறாயிரத்துத் தொள்ளாயிரத்துச் சொச்சம். பெட்டி வந்தது, பளபளவென்று கண்ணாடிக் கதவு, உள்ளே நீல விளக்கு. டாஸ்க் மேனேஜரில் பிராசஸர் பெயரைப் பார்த்தேன், ஐ7 2600 என்று இருந்தது. தம்பியிடம் போனில் படித்துக் காட்டினேன். "டீச்சர், அது 2011ல வந்த மாடல். உங்க பழைய ஐ3யைவிட ஒரு வருஷம் மூத்தது" என்றார்.

இன்டெலின் பெயரை எப்படிப் படிப்பது என்று அன்றுதான் கற்றுக்கொண்டேன். ஐ3, ஐ5, ஐ7 என்பதை மட்டும் பார்த்தால் ஒன்றும் தெரியாது. அதற்குப் பின்னால் வரும் எண்ணைக் கேட்க வேண்டும். 2600 என்றால் முதல் இலக்கம் 2, இரண்டாம் தலைமுறை. 8500 என்றால் எட்டாம் தலைமுறை. ஐந்து இலக்கமாக 12400 என்று வந்தால் முதல் இரண்டு இலக்கம், அதாவது பன்னிரண்டாம் தலைமுறை. விண்டோஸ் 11 முறைப்படி ஏற, ஒருசில விதிவிலக்கு தவிர, எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தியதோ வேண்டும். டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் வேண்டும். எங்களுக்கு வந்த பெட்டியில் அந்தச் சோதனையைத் தாண்டிக் குறுக்கு வழியில் விண்டோஸ் 11 ஏற்றியிருந்தார்கள். இன்று ஓடும், ஆனால் அப்டேட் தொடர்ந்து வரும் என்று மைக்ரோசாஃப்ட் உறுதி தருவதில்லை. விளம்பரத்தில் தலைமுறை எங்குமே எழுதப்படவில்லை. ஏழு நாளுக்குள் திருப்பி அனுப்பினோம், போக்குவரத்துச் செலவு என்று ஆயிரத்து இருநூறு பிடித்துக்கொண்டார்கள். அந்தப் பணம் போனதைவிட, விவரம் தெரியாத வீடுகளுக்கு அதே பெட்டி தினமும் போய்க்கொண்டிருக்கிறதே என்பதுதான் எனக்கு ஆற்றாமை. விற்பவர் முழு மாடல் எண்ணைச் சொல்லவில்லை என்றால் அங்கே வாங்காதீர்கள்.

புதிதாகவே ஒரு விலை குறைந்த லேப்டாப் வாங்கலாமா என்றும் பார்த்தோம். எங்கள் பள்ளியில் ஒரு டீச்சர் அப்படி வாங்கியிருந்தார். செலரான் என்4020 பிராசஸர், போர்டோடு பற்றவைத்த 4 ஜிபி ரேம், எஸ்எஸ்டியைவிட மெதுவான இஎம்எம்சி வகை ஸ்டோரேஜ் 64 ஜிபி. ஒரு மதியம் முழுக்க அதில் மார்க் ஏற்றிப் பார்த்தேன். புதுசு என்பதைத் தவிர எங்கள் பழையதற்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. விண்டோஸும் அதன் அப்டேட்டும் உட்கார்ந்த பிறகு இடம் எப்போதும் நிரம்பியே இருக்கிறதாம். ரேமைக் கூட்டவும் வழி இல்லை. இருபத்தைந்தாயிரத்துக்குள் புது லேப்டாப்பைத் தேடும்போது பிராசஸர் பெயரைவிட, ரேம் கூட்ட ஸ்லாட் இருக்கிறதா, ஸ்டோரேஜ் இஎம்எம்சியா எஸ்எஸ்டியா என்ற இரண்டையும் கேட்டுவிடுங்கள். எங்கள் நோட்டுப்படி கம்ப்யூட்டர் ஹாலை விட்டு நகர்ந்ததே இல்லை, அதனால் லேப்டாப்பின் பேட்டரிக்கும் மடிப்புக்கும் நாங்கள் ஏன் பணம் கொடுக்க வேண்டும்? விடுதியில் தங்கிப் படிக்கும் பிள்ளை என்றால் கணக்கு வேறு.

சர்வீஸ் தம்பிதான் ஆபீஸ் பெட்டி என்ற யோசனையைச் சொன்னார். பெரிய கம்பெனிகள் மூன்று, நான்கு வருடக் குத்தகைக்கு ஆயிரக்கணக்கில் கம்ப்யூட்டர் எடுக்கின்றன. காலம் முடிந்ததும் அவை மொத்தமாக வெளியே வந்து, துடைத்துச் சோதித்து ரீஃபர்பிஷ்டு என்ற பெயரில் விற்பனைக்கு வருகின்றன. டெல் ஆப்டிபிளக்ஸ், எச்பி எலைட்டெஸ்க், லெனோவோ திங்க்சென்டர் என்று வரிசைகள். அவற்றில் மைக்ரோ, மினி, டைனி என்று சொல்லப்படும் வகை ஒரு கெட்டி அட்டைப் புத்தகம் அளவுதான் இருக்கும். ஆபீசில் ஏசியில் இருந்தவை, அவ்வப்போது பராமரிப்பும் பார்த்தவை, உதிரி பாகமும் கிடைக்கும் என்றார். கும்பகோணத்தில் எட்டாம் தலைமுறைப் பெட்டி எதுவும் கையிருப்பில் இல்லை. ஏப்ரல் கடைசியில் லீவு விட்டதும் நானும் மகனும் இரவு ரயிலில் சென்னைக்குப் போனோம்.

கம்ப்யூட்டர் கடைகள் நிறைந்த ரிச்சி தெரு அண்ணா சாலைக்குப் பின்னால், சிந்தாதிரிப்பேட்டையை ஒட்டியது. அதையும் பக்கத்து நரசிங்கபுரம் தெருவையும் சேர்த்து எல்லோரும் ரிச்சி ஸ்ட்ரீட் என்றே சொல்கிறார்கள். காலையில் கடை திறக்கும் நேரத்துக்கே போய்விட்டோம். கூட்டம் சேர்ந்த பிறகு நின்று நிதானமாகச் சோதிக்க முடியாது என்று தம்பி முன்பே சொல்லியிருந்தார். நான்கு கடை ஏறி இறங்கினோம். இரண்டில், "வாங்கிட்டுப் போங்க மேடம், பிரச்சனைன்னா கொண்டு வாங்க" என்றார்கள். கும்பகோணத்தில் இருந்து கொண்டு வருவது எப்படி? மூன்றாவது கடையில் பில் இல்லாமல் விலை, பில்லோடு விலை என்று இரண்டு சொன்னார்கள், வெளியே வந்துவிட்டோம். நான்காவது கடை மாடியில். அங்கே இருந்த பையன், "உட்காருங்கக்கா, அரை மணி நேரம் ஓட்டிப் பாத்துட்டே எடுங்க" என்று ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

எடுத்தது டெல் ஆப்டிபிளக்ஸ் 7060 மைக்ரோ. ஐ5 8500டி பிராசஸர், 8 ஜிபி ரேம், 256 ஜிபி எஸ்எஸ்டி, ஆறு மாத உத்தரவாதம், ஜிஎஸ்டி பில்லோடு பதினான்காயிரத்து ஐந்நூறு. 8500டி 2018ல் வந்தது, ஆறு கோர், மின்சாரம் குறைவாக இழுக்கும் 35 வாட் வகை. எண்ணுக்குப் பின்னால் வரும் டி எழுத்து அதைத்தான் குறிக்கிறது.

அந்த அரை மணி நேரத்தில் என்னென்ன பார்த்தோம் என்று எழுதுகிறேன், ஏனென்றால் இதைச் சொல்லித்தர எனக்கு ஒரு தம்பி இருந்தார், எல்லோருக்கும் இருக்க மாட்டார். ஆன் செய்யும்போது எஃப்2 தட்டி, விண்டோஸ் வரும் முன் இருக்கும் அடிப்படை அமைப்பான பயாஸுக்குள் போனோம். அட்மின் பாஸ்வேர்டு கேட்டால் அந்தப் பெட்டி வேண்டாம், பழைய கம்பெனி போட்ட பூட்டு இன்னும் எடுக்கப்படவில்லை என்று பொருள். டிபிஎம் 2.0 இருப்பதைப் பார்த்தோம். டெல் பெட்டிகளில் சர்வீஸ் டேக் என்று ஏழு எழுத்துக் குறியீடு ஒட்டியிருக்கும். பயாஸில் காட்டுவதும் ஒட்டியிருப்பதும் ஒன்றுதானா என்று பார்த்து, மகன் போனில் டெல் தளத்தில் அந்தக் குறியீட்டைப் போட்டான். எப்போது கம்பெனியில் இருந்து கிளம்பியது, என்ன பாகங்களோடு கிளம்பியது என்று அங்கே வந்துவிடுகிறது. பழையதை வாங்கும்போது விற்பவர் சொல்லை மட்டும் நம்பாமல் நாமே சரிபார்க்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

பெண்டிரைவில் கொண்டுபோன கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோவில் எஸ்எஸ்டியின் ஆரோக்கியமும் ஓடிய மணி நேரமும் பார்த்தோம். ஒரே பெண்டிரைவை எல்லா யூஎஸ்பி துளைகளிலும் மாற்றி மாற்றிச் செருகினோம், ஒன்று வேலை செய்யவில்லை. பையன் முகம் சுளிக்காமல் வேறு பெட்டியை எடுத்து வந்தார், முதலில் இருந்து மறுபடி சோதித்தோம். யூடியூபில் பெரிய தரத்தில் வீடியோ ஓடவிட்டு, பத்து டேப் திறந்து, விசிறி எவ்வளவு கத்துகிறது என்று காது வைத்துக் கேட்டோம்.

அடாப்டரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இந்தச் சின்னப் பெட்டிகளுக்கு லேப்டாப் போல வெளி அடாப்டர். டெல் பெட்டி தன் அடாப்டரை அடையாளம் பார்க்கும். போலி அடாப்டர் செருகினால் ஆன் ஆகும்போது எச்சரிக்கை காட்டி, பிராசஸரை வேகம் குறைத்தே ஓட்டும். பெட்டி நல்லது, அடாப்டர் போலி என்றால் வீட்டுக்குப் போய் ஏன் மந்தமாக இருக்கிறது என்று தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டியதுதான். கடையில் சோதிக்க அவர்கள் மேசையில் இருக்கும் அடாப்டரைச் செருகுவார்கள். உங்களுக்குக் கொடுக்கப்போகும் அடாப்டரையே செருகச் சொல்லுங்கள்.

அதே தெருவில் இன்னொரு 8 ஜிபி ரேம் ஆயிரத்து எழுநூறு. மைக்ரோ பெட்டியில் லேப்டாப்புக்கான சின்ன ரேம்தான் பொருந்தும், இரண்டு ஸ்லாட். ஒரே 16ஐப் போடுவதைவிட இரண்டு 8 போட்டால் மெமரி இரண்டு வழியாக ஓடும், அது நல்லது. திரை மட்டும் புதுசு, இருபத்திரண்டு அங்குலம், பக்கவாட்டில் இருந்து பார்த்தாலும் நிறம் மாறாத ஐபிஎஸ் வகை, ஏழாயிரத்து இருநூறு. பெட்டியில் டிஸ்ப்ளேபோர்ட் துளைதான் இருந்தது, திரையில் எச்டிஎம்ஐ. இடையில் ஒரு கேபிள் நானூற்றைம்பது. இதைக் கவனிக்காமல் ஊருக்கு வந்திருந்தால் கேபிளுக்காக ஒரு வாரம் காத்திருந்திருப்போம். வைஃபையும் அப்படித்தான். ஆபீஸ் பெட்டிகளில் பலவற்றில் வைஃபை கார்டே இருக்காது, எங்களுடையதிலும் இல்லை. எங்கள் ஃபைபர் மோடம் அதே ஹாலில் இருப்பதால் நூற்றைம்பது ரூபாய்க்கு லேன் கேபிள் வாங்கிக்கொண்டோம். வைஃபையைவிட அதுவே உறுதி. கேமராவும் மைக்கும் கிடையாது, மீட்டிங் என்றால் போனைப் பயன்படுத்துகிறோம். கீபோர்டும் மவுசும் பழையதே. எல்லாம் சேர்த்து இருபத்து நான்காயிரம்.

வீட்டுக்கு வந்ததும் தம்பி செய்த முதல் வேலை, கடைக்காரர் ஏற்றித் தந்த விண்டோஸை முழுக்க அழித்தது. அதில் என்ன இருக்கிறது என்று நமக்குத் தெரியாது என்றார். மைக்ரோசாஃப்ட் தளத்தில் இருந்தே விண்டோஸ் 11ஐ இலவசமாக இறக்கிப் பெண்டிரைவில் போட்டு ஏற்றினார். விண்டோஸ் 10 ப்ரோ உரிமத்தோடு விற்கப்பட்ட கம்பெனிப் பெட்டி என்பதால் அதன் உரிம எண்ணான சாவி போர்டிலேயே பதிந்திருக்கிறது, தானாகவே ஆக்டிவேட் ஆனது. இதற்கென்று யாரிடமும் நூறு, இருநூறு ரூபாய்க்குச் சாவி வாங்க வேண்டியதில்லை. வேர்டு, எக்செல் போன்ற வேலைக்கு இலவச மென்பொருளான லிப்ரே ஆபீஸ்.

மின்வெட்டுக்கு யூபிஎஸ் வாங்க மூவாயிரம் தனியாக எடுத்து வைத்திருந்தேன். அதற்கு அவசியமில்லாமல் போனது. வீட்டில் இருக்கிற இன்வெர்ட்டரின் பின்பக்கம் ஒரு சின்னச் சுவிட்ச், ஒரு பக்கம் ஈகோ, ஒரு பக்கம் யூபிஎஸ். எட்டு வருடமாக ஈகோவிலேயே இருந்திருக்கிறது. அதில் கரண்ட் போனதும் பேட்டரிக்கு மாறச் சற்று நேரமாகும், அந்த இடைவெளியில் பழைய கம்ப்யூட்டர் ஒவ்வொரு முறையும் அணைந்தது. சுவிட்சை யூபிஎஸ் பக்கம் தள்ளி, மெயினை அணைத்து ஐந்து முறை சோதித்தோம், ஒருமுறைகூட அணையவில்லை. தம்பி வாட் மீட்டரை வைத்தும் காட்டினார். சும்மா இருக்கும்போது பழைய பெட்டி 55 வாட் காட்டியது, இது 14. எங்கள் பயன்பாட்டில் மாதம் ஏழு யூனிட் மிச்சம்.

நான் எதிர்பார்க்காத சிக்கல் தமிழில் வந்தது. காப்பி எடுத்து வைத்த வினாத்தாள்களைத் திறந்தால் ஆங்கில எழுத்தும் குறியீடுமாக ஒன்றும் புரியாத குப்பை. வயிறு கலங்கிவிட்டது. எல்லாக் கம்ப்யூட்டரிலும் ஒரே மாதிரி தெரியும் பொதுக் குறியாக்கமான யூனிகோடுக்குப் பழகும் முன் நாம் அடித்ததெல்லாம் தனித்தனி எழுத்துருக் குறியாக்கம். வானவில், பாமினி என்று எந்த எழுத்துருவில் அடித்தோமோ அது கம்ப்யூட்டரில் இருந்தால்தான் தமிழாகத் தெரியும். நல்லவேளையாகப் பழைய டிஸ்க்கின் விண்டோஸ் ஃபோல்டருக்குள் ஃபான்ட்ஸ் என்ற இடத்தில் அவை இருந்தன, எடுத்துப் போட்டதும் எழுத்து வந்தது. தமிழில் வேலை செய்கிற யாரும் கம்ப்யூட்டரை மாற்றும்போது ஃபைலோடு எழுத்துருவையும் காப்பி எடுங்கள். கடைக்காரர்கள் இதை நினைவில் வைப்பதில்லை, டிஸ்க் போன பிறகு அந்த எழுத்துருவைத் தேடி அலைய வேண்டும்.

டைப் அடிப்பதற்கு விண்டோஸிலேயே தமிழ்99 என்ற விசை அமைப்பு இருக்கிறது, நான் அதற்குப் பழகிவிட்டேன். மாமா வேலையில் இருந்த காலத்தில் தமிழ் டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்தவர். விரல் அந்த விசைகளைத்தான் தேடும். தமிழில் டைப் அடிக்க உதவும் மென்பொருளான என்எச்எம் ரைட்டரில் பழைய டைப்ரைட்டர் அமைப்பு இருக்கிறது, அதைப் போட்டுக் கொடுத்தோம். திரையில் எல்லாவற்றையும் 125 சதவீதத்துக்குப் பெரிதாக்கி, திரையைத் தூக்கிக் கண் மட்டத்துக்கு வைத்தோம். பெட்டியையும் திரைக்குப் பின்னால் தள்ளிவிட்டதில் மேசையில் அவர் நோட்டை விரித்து வைக்க இடம் வந்தது.

எட்டு மாதம் ஓடிவிட்டது. ஆன் செய்தால் மாமா கண்ணாடியைத் துடைத்து மாட்டுவதற்குள் தயாராக இருக்கிறது. ஒரு விஷயத்தில் நாங்கள் வாங்கிய நேரம் நல்ல நேரம். 2025 கடைசியில் இருந்து ரேம் விலை ஏறிக்கொண்டே போகிறது, செயற்கை நுண்ணறிவு டேட்டா சென்டர்கள் மெமரி சிப்புகளை அள்ளிக்கொண்டு போவதுதான் காரணம் என்கிறார்கள் கடைக்காரர்கள். என் தங்கை அதே 8 ஜிபி ரேமுக்கு விலை கேட்டபோது நாங்கள் கொடுத்ததைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல் சொன்னார்கள். அவளிடம், ரேமைத் தனியாக வாங்காதே, 16 ஜிபியோடு வருகிற பெட்டியாகத் தேடு என்று சொல்லியிருக்கிறேன். அவள் வீட்டு விண்டோஸ் 10 கம்ப்யூட்டர் நன்றாகவே ஓடுகிறது. மைக்ரோசாஃப்ட் வீட்டுப் பயனர்களுக்கு 2026 அக்டோபர் வரை நீட்டித்துத் தரும் பாதுகாப்பு அப்டேட்டில் பதிந்துவிட்டு, அவசரப்படாமல் தேடிக்கொண்டிருக்கிறாள். நாற்பது பக்க நோட்டு ஒன்றும் அவளுக்கு வாங்கிக் கொடுத்தேன்.

பழைய டிஸ்க்கை இன்னும் தூக்கிப் போடவில்லை, பீரோவில் தேதி எழுதி வைத்திருக்கிறேன். வெளியே இன்னொரு டிஸ்க்கில் மாதம் ஒருமுறை காப்பி எடுப்பது மகனின் பொறுப்பு. பழைய எழுத்துருவில் இருக்கும் வினாத்தாள்களை யூனிகோடுக்கு மாற்றும் வேலையை மாமாவே கேட்டு வாங்கிக்கொண்டார். சாயந்திரம் விளக்கு வைத்த பிறகு ஒரு ஃபைல் எடுப்பார், மாற்றியதும் ஒற்று விட்ட இடங்களைத் திருத்துவார். 2014ஆம் வருட வினாத்தாளில் ஆரம்பித்தவர் இப்போது 2017க்கு வந்திருக்கிறார். "ஏம்மா, இந்த எட்டாங்கிளாஸ் ஆறாவது கேள்வியில விடை வரலையே" என்று நேற்று கூப்பிட்டார். போய்ப் பார்த்தேன், வரவில்லைதான். எட்டு வருடத்துக்கு முன் நான் செய்த தவறு, நேற்றுத் திருத்தி வைத்தோம்.